நச்சு ஐவித் தோலழற்சி: சிகிச்சை, தடுப்பு முறைகளின் வரலாறு

நச்சு ஐவித் தோலழற்சி என்பது வட அமெரிக்காவில் வளரும் நச்சு ஐவி, நச்சு ஓக், நச்சுச் சுமாக் ஆகிய செடிகளின் பால் தோலில் படுவதால் உண்டாகும் ஒவ்வாமை நோய். தோல் சிவந்து தடித்து, கடும் அரிப்பும் நீர்க்கொப்புளங்களும் தோன்றும். பொதுவாக இரண்டு அல்லது மூன்று வாரங்களில் தானாகவே ஆறிவிடும். இதற்குக் காரணம் உருஷியால் என்னும் எண்ணெய்ப் பொருள். இதே பொருளோ இதற்கு நெருங்கிய பொருள்களோ ஜப்பானிய மெருகு மரத்திலும், இந்தியாவின் சேங்கொட்டையிலும், முந்திரிக் கொட்டையின் ஓட்டிலும், மாம்பாலிலும் உள்ளன. ஆகவே இந்நோயின் வரலாறு அமெரிக்காவோடு முடிவதில்லை.

இந்நோயைத் தீர்க்கவும் தடுக்கவும் நான்கு நூற்றாண்டுகளாகப் பல முயற்சிகள் நடந்துள்ளன. அவற்றுள் சில பயன் தந்தன. சில முயற்சிகள் நோயைவிட அதிகத் தீங்கு செய்தன.

செடியும் பெயரும்

மூன்று செடிகளும் டாக்சிகோடென்ட்ரான் பேரினத்தைச் சேர்ந்தவை. இப்பேரினம் மா, முந்திரி, சேங்கொட்டை ஆகியவை அடங்கிய அனகார்டியேசியே குடும்பத்தில் உள்ளது. நச்சு ஐவி தரையில் படரும், புதராக வளரும், மரத்திலும் ஏறும். ஒவ்வொரு இலையும் மூன்று சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். மூன்று சிற்றிலை கொண்ட செடியைத் தொடாமல் விலக வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைகளுக்கு இளவயதிலேயே சொல்லித்தருகிறார்கள். நச்சு ஓக் பசிபிக் கரையோர மாநிலங்களில் மிகுதி. நச்சுச் சுமாக் சதுப்பு நிலங்களில் வளரும் சிறுமரம்.

ஐவி, ஓக் ஆகிய பெயர்கள் இலை வடிவம் பார்த்து ஐரோப்பியக் குடியேறிகள் இட்டவை. உண்மையான ஐவிக் கொடிக்கும் ஓக் மரத்துக்கும் இச்செடிகளோடு உறவில்லை. பிரெஞ்சு மருத்துவர் ஜாக் கோர்னூ 1635இல் வெளியிட்ட கனடாத் தாவரங்கள் பற்றிய நூலில் இதை மூவிலை ஐவி என்றே விவரித்தார். லின்னேயஸ் 1753இல் இதை ரஸ் பேரினத்தில் வைத்தார். அதனால் பழைய மருத்துவ நூல்களில் இந்நோய் ரஸ் தோலழற்சி எனப்படுகிறது. ஹோமியோபதியில் இன்றும் வழங்கும் ரஸ் டாக்ஸ் என்ற மருந்தின் பெயரும் இதிலிருந்து வந்ததே.

முதல் பதிவுகள்

ஆங்கிலத்தில் இச்செடி பற்றிய முதல் விளக்கங்களுள் ஒன்று கேப்டன் ஜான் ஸ்மித் 1624இல் வெளியிட்ட வர்ஜீனியா வரலாற்று நூலில் உள்ளது. பெர்முடாத் தீவுகளைப் பற்றிய பகுதியில், ஆங்கில ஐவியைப் போன்ற ஒரு நச்சுக்கொடியைத் தொட்டால் சிவப்பும் அரிப்பும் பின்னர்க் கொப்புளங்களும் வரும் என்றும், சிறிது காலத்தில் அவை வேறு தீங்கின்றி மறையும் என்றும் அவர் எழுதினார். நோயின் போக்கைப் பற்றிய இக்குறிப்பு இன்றைய மருத்துவ விளக்கத்தோடு பெரிதும் ஒத்துப்போகிறது.

ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளரும் லின்னேயஸின் மாணவருமான பேர் கால்ம் 1748 முதல் 1751 வரை வட அமெரிக்காவில் பயணம் செய்தார். நச்சுச் சுமாக் சிலரைக் கடுமையாகப் பாதிப்பதையும், சிலரை ஒன்றும் செய்யாததையும் அவர் கவனித்தார். அதன் பாலைத் தம் கைகளில் பலமுறை தடவிப் பார்த்தார். எதுவும் நேரவில்லை. பின்னர் ஒரு கோடைநாளில் வியர்த்திருந்தபோது கிளையை ஒடித்துக் கையில் வைத்திருந்தார். மறுநாள் காலையில் கண்ணிமைகளில் கடும் அரிப்போடு விழித்தார். ஒரே பொருள் ஒருவருக்கு நஞ்சாகவும் மற்றவருக்கு வெறும் பாலாகவும் இருப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்க அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

இச்செடிகளைப் பற்றிய முதல் சோதனை ஆய்வுகளுள் ஒன்று தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1798இல் அளித்த மருத்துவப் பட்ட ஆய்வேடு. ஹார்ஸ்ஃபீல்டு பிற்காலத்தில் ஜாவாவின் செடிகளையும் விலங்குகளையும் ஆராய்ந்து புகழ்பெற்றார். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகப் பொறுப்பாளராகவும் இருந்தார்.

தொல்குடிகளின் முறைகள்

கிழக்குப் பகுதித் தொல்குடிகள் பலர் ஓடைக்கரையில் வளரும் ஒருவகைக் காட்டுத் தும்பையின் சாற்றைத் தடிப்பின் மேல் பூசினர். இது தமிழ்நாட்டுத் தோட்டங்களில் உள்ள காசித்தும்பையின் இனத்தைச் சேர்ந்தது. நச்சு ஐவி வளரும் ஈரமான இடங்களுக்கு அருகிலேயே இதுவும் கிடைப்பதால் இம்முறை குடியேறிகளிடமும் பரவியது. இச்சாற்றைப் பற்றி நடந்த நவீன ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. சிலவற்றில் பயன் எதுவும் தெரியவில்லை. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், அரைத்த தும்பை ஓரளவு பயன் தந்தது. ஆனால் சோப்பு அதைவிட நன்றாக வேலை செய்தது.

கலிஃபோர்னியாவின் தொல்குடிகள் சிலர் நச்சு ஓக்கைக் கூடை முடையவும், கூடை நாருக்குக் கருநிறம் ஏற்றவும் பயன்படுத்தினர். இளந்தளிரைச் சிறிது சிறிதாகத் தின்றால் அரிப்பு வராது என்ற நம்பிக்கையும் இருந்தது. இந்த நம்பிக்கை 20ஆம் நூற்றாண்டு மருத்துவத்தில் மீண்டும் தலைகாட்டியது.

ஆவிக் கொள்கை

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், இச்செடியின் நஞ்சு காற்றில் பரவும் ஆவி என்று மருத்துவர்கள் கருதினர். செடியைத் தொடவே இல்லை என்று உறுதியாகச் சொன்ன பலருக்கும் நோய் வந்தது இதற்குக் காரணம். பிலடெல்ஃபியா மருந்தியலாளர் ஜான் மைஷ் 1860களில் ஆவியாகும் ஓர் அமிலத்தைப் பிரித்து, அதுவே நஞ்சு என்று அறிவித்தார்.

இக்கொள்கையின் விளைவு சிகிச்சையில் தெரிந்தது. நஞ்சு காற்றில் வருகிறது என்றால் கழுவுவதால் பயனில்லை. எனவே மருத்துவர்கள் தோலில் ஒட்டியிருப்பதை நீக்குவதில் அக்கறை காட்டாமல், பின்னர் வந்த புண்ணுக்கு மருந்து தேடினர்.

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் ஃபிரான்ஸ் பஃபு 1890களின் நடுவில் இக்கொள்கையை மறுத்தார். மைஷின் அமிலத்தை அவர் சோதித்தபோது அது தோலைப் பாதிக்கவில்லை. செடியில் இருந்து ஆவியாகாத ஓர் எண்ணெயைப் பிரித்தெடுத்தார். அதன் மிகச் சிறிய அளவே தோலில் கொப்புளங்களை எழுப்பியது. இம்முடிவுகள் 1897இல் வெளியாயின. தொடாமலே நோய் வந்தவர்கள் எல்லோரும் உடை, கருவி, வளர்ப்பு நாயின் மயிர் போன்ற ஏதோ ஒன்றின் வழியே அந்த எண்ணெயைத் தொட்டவர்களே என்பது இதிலிருந்து புலப்பட்டது.

எண்ணெய் என்று தெரிந்த உடனே தடுப்பும் எளிதாகியது. சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவவேண்டும் என்று பஃபு அறிவுறுத்தினார். இருந்தும் மக்களிடம் அதிகம் பரவியது அவர் கூறிய மற்றொரு மருந்து: சாராயத்தில் கரைத்த ஈய அசிட்டேட். அமெரிக்க வேளாண்மைத் துறையின் தாவரவியலாளர் விக்டர் செஸ்னட் 1898இல் எழுதிய நச்சுத் தாவரங்கள் பற்றிய கையேடு இதை நாடெங்கும் கொண்டு சென்றது. ஈயம் உடலுக்கு நஞ்சு. கொப்புளம் உடைந்த தோலில் அதைத் திரும்பத் திரும்பப் பூசுவது ஆபத்தானது.

ஆவிக் கொள்கையில் ஓர் உண்மைக்கூறு உண்டு. செடியை எரிக்கும்போது எழும் புகைத்துகள்களில் எண்ணெய் ஒட்டிச் செல்லும். அது முகத்தையும் கண்ணையும் தாக்கும், மூச்சோடு போனால் நுரையீரலையும் புண்ணாக்கும். காட்டுத்தீ அணைக்கும் பணியாளர்களுக்கு இன்றும் இது பெரிய தொழில் ஆபத்து. வெட்டிய செடியை எரிக்கக் கூடாது என்பது எல்லா அறிவுரைகளிலும் இடம்பெறும் விதி.

உருஷியால்

நஞ்சின் வேதியியல் அமெரிக்காவில் அல்ல, ஜப்பானில் தெளிவடைந்தது. மெருகு மரத்தின் பாலை ஜப்பானியர் உருஷி என்பர். மரப்பாத்திரங்களுக்கும் கோயில் தூண்களுக்கும் நூற்றாண்டுகளாக அதையே பூசி வந்தனர். அது காய்ந்தபின் உறுதியான பளபளப்பான படலமாகும். ஆனால் ஈரமான பால் பட்டால் கொப்புளம் எழும். மெருகுத் தொழில் கற்க வருபவர்கள் தொடக்கத்தில் தோலழற்சியால் துன்புறுவதும், தொடர்ந்து வேலை செய்பவர்கள் பலருக்கு அது நாளடைவில் தணிவதும் அங்கே வழக்கமான செய்தி.

ஹிகோரோகுரோ யோஷிதா 1883இல் இப்பாலின் முதன்மைப் பொருளைப் பிரித்து உருஷிக் அமிலம் என்று பெயரிட்டார். ரிக்கோ மஜிமா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்து அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அது அமிலம் அல்ல, நீண்ட கரிமச் சங்கிலி கொண்ட கேட்டகால் என்று காட்டி, உருஷியால் என்ற பெயரை நிலைநிறுத்தினார். 1922 அளவில் அதன் அமைப்பு தெளிவாகியிருந்தது.

நச்சு ஐவியின் எண்ணெயும் இவ்வகையைச் சேர்ந்ததே என்பதை 1930களில் அமெரிக்க வேதியியலாளர்கள் கண்டனர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டாசனும் வில்லியம் சைம்ஸும் 1954இல், அது ஒரே பொருள் அல்ல, சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கையால் மட்டும் வேறுபடும் நான்கு பொருள்களின் கலவை என்று காட்டினர்.

ஒவ்வாமை என்ற விளக்கம்

கால்ம் எழுப்பிய கேள்விக்கு விடை நோயெதிர்ப்பியலில் இருந்து வந்தது. ஜெர்மானியத் தோல் மருத்துவர் யோசஃப் யாடாஸோன் 1890களில் ஒட்டுச்சோதனை முறையை உருவாக்கினார். ஐயப்படும் பொருளைத் துணியில் வைத்துத் தோலில் ஒட்டிச் சில நாள் கழித்துப் பார்க்கும் இம்முறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. இரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1930களில் எளிய வேதிப்பொருள்கள் புரதத்தோடு சேர்ந்தால் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் என்று நிறுவினார். அவரும் மெரில் சேஸும் 1942இல், இவ்வொவ்வாமையை ஒரு விலங்கில் இருந்து மற்றொன்றுக்கு மாற்றுபவை இரத்த நீரில் உள்ள எதிர்ப்பொருள்கள் அல்ல, வெள்ளணுக்களே என்று காட்டினர்.

இதன்படி உருஷியால் தானாகத் தோலை எரிப்பதில்லை. தோலுக்குள் புகுந்து வேதிமாற்றம் அடைந்து தோலின் புரதங்களோடு பிணைகிறது. மாறிய புரதத்தை உடல் அயற்பொருளாக எண்ணித் தாக்குகிறது. முதல் தொடுதலில் உடல் அதை அடையாளம் கண்டு நினைவில் வைக்கிறது. அடுத்த தொடுதலில் ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் அழற்சி எழுகிறது. முதல் முறை ஒன்றும் நேரவில்லை என்பதால் ஒருவர் தமக்கு இந்நோய் வராது என்று எண்ணுவது தவறு என்பதும் இதனால் விளங்கியது.

மற்றொரு பழைய நம்பிக்கையும் விலகியது. கொப்புள நீர் பட்டால் நோய் பரவும் என்று மக்கள் அஞ்சினர். கொப்புள நீரில் உருஷியால் இல்லை. தடிப்பு நாளுக்கு நாள் புதிய இடங்களில் தோன்றுவதற்குக் காரணம் வேறு. தோல் தடித்த இடங்களில் எண்ணெய் மெதுவாகவும் மெல்லிய இடங்களில் விரைவாகவும் ஊடுருவும். கழுவாத உடையில் இருந்தும் கருவியில் இருந்தும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

தீங்கு செய்த மருந்துகள்

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் நோய்க்குப் பல மருந்துகள் வந்தன. கலிஃபோர்னியாவின் நச்சு ஓக்கை ஆராய்ந்து 1923இல் தனிநூலே எழுதிய ஜேம்ஸ் மெக்நேர் இரும்புக் குளோரைடுக் கரைசலைப் பரிந்துரைத்தார். எண்ணெயோடு வினைபுரிந்து அதைச் செயலிழக்கச் செய்யும் என்பது அவரது கணிப்பு. ஆனால் புண்பட்ட தோலில் இரும்பு படிந்து பச்சை குத்தியது போன்ற கறை சிலருக்கு நிலைத்துவிட்டது. பொட்டாசியம் பர்மாங்கனேட்டும் தோலைப் பழுப்பாக்கியது. பின்னர் சிர்க்கோனியம் சேர்ந்த களிம்புகள் கடைகளில் விற்பனையாயின. அவற்றைப் பூசியவர்களில் சிலருக்குத் தோலில் கட்டியான முடிச்சுகள் தோன்றின என்பதை 1960களில் மருத்துவர்கள் பதிவு செய்தனர். தானாக ஆறும் நோய்க்கு நிலையான தழும்பைப் பெற்றவர்கள் இவர்கள்.

மரத்துப்போகச் செய்யும் பென்சோகேன், ஒவ்வாமை எதிர்மருந்துகள் கலந்த மேற்பூச்சுகள் ஆகியவையும் சிலருக்குப் புதிய ஒவ்வாமையைத் தருகின்றன. துத்தநாக ஆக்சைடோடு சிறிது இரும்பு ஆக்சைடு சேர்ந்த இளஞ்சிவப்புக் காலமைன் பூச்சு பழைய மருந்துகளுள் இன்றும் நிலைத்திருப்பது. அது நோயைக் குணமாக்குவதில்லை. கசியும் கொப்புளங்களை உலர்த்தி அரிப்பைத் தணிக்கிறது.

உண்மையான மாற்றம் 1952இல் வந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த மேரியன் சல்ஸ்பெர்கரும் விக்டர் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனை மேற்பூச்சாகத் தந்து தோல் அழற்சியைத் தணிக்க முடியும் என்று அறிவித்தனர். முகத்திலோ உடலின் பெரும்பகுதியிலோ நோய் கடுமையாக வந்தால் ஸ்டீராய்டு மாத்திரை தருவதும் பின்னர் வழக்கமாகியது. மாத்திரையைச் சில நாள்களிலேயே நிறுத்தினால் நோய் மீண்டும் பொங்கியெழும் என்பதால், மருத்துவர்கள் அளவைப் படிப்படியாகக் குறைத்து இரண்டு, மூன்று வாரங்கள் தருகின்றனர்.

உடலைப் பழக்கும் முயற்சி

தளிரைத் தின்று உடலைப் பழக்கலாம் என்ற நாட்டார் நம்பிக்கை மருத்துவ வடிவம் பெற்றது 1910களின் இறுதியில். பிலடெல்ஃபியாவில் ஜே ஷாம்பர்க் செடிச்சாற்றைச் சொட்டுச் சொட்டாக உட்கொள்ளத் தந்தார். அதே காலத்தில் ஊசிமருந்தும் வந்தது. அடுத்த பல ஆண்டுகளுக்கு இவ்வகைச் சாறுகள் பரவலாக விற்பனையாயின.

இவற்றை முறையாகச் சோதித்தவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன். அவர் 1958இல் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையின் அடிப்படை நூல்களாகக் கருதப்பட்டன. மாதக்கணக்கில் பெரிய அளவில் உட்கொண்டால் மட்டுமே ஒவ்வாமை ஓரளவு குறையும் என்றும், நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலை திரும்பும் என்றும், நோய் வந்தபின் தரும் ஊசியால் பயனில்லை என்றும் அவர் காட்டினார். சாற்றை உட்கொண்டவர்களுக்கு ஆசனவாய் அரிப்பும் உடல் தடிப்பும் வந்தன. 20ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இம்மருந்துகள் சந்தையில் இருந்து மறைந்தன.

கிளிக்மனின் பெயர் மற்றொரு காரணத்தாலும் நினைக்கப்படுகிறது. பிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1950களில் இருந்து 1974 வரை அவர் கைதிகளின் தோலில் பலவகைச் சோதனைகளை நடத்தினார். சிறிதளவு பணத்துக்காக உடன்பட்ட கைதிகள் முழு விவரமும் அறிந்து இசைந்தவர்கள் அல்லர். கைதிகள் மீதான ஆய்வுக்கு அமெரிக்காவில் கடும் கட்டுப்பாடு வருவதற்கு இச்சோதனைகளைப் பற்றிய விவாதமும் ஒரு காரணம். தோல் மருத்துவத்தின் அக்கால அறிவில் ஒரு பகுதி இவ்வாறு பெறப்பட்டது.

சேங்கொட்டையும் சலவைக்குறியும்

சேங்கொட்டை அல்லது சேராங்கொட்டை எனப்படும் கொட்டையின் கருநிறப் பால் துணியில் பட்டால் எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. சுண்ணாம்பு சேர்த்தால் நிறம் இன்னும் உறுதிப்படும். இதனால் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் யாருடைய துணி என்று அறிய அப்பாலால் குறியிட்டனர். மரத்தின் தாவரவியல் பெயரான செமிகார்பஸ் என்பதும் குறியிடும் கொட்டை என்ற பொருளுடையதே.

இரண்டாம் உலகப்போரில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கப் படைவீரர்கள் பலருக்குக் கழுத்தின் பின்புறத்திலும் இடுப்பிலும் சிறு வட்டமாகக் கொப்புளம் எழுந்தது. சட்டைக் கழுத்துப்பட்டையிலும் கால்சட்டை இடுப்பிலும் இருந்த சலவைக்குறிகளே காரணம் என்று அமெரிக்க மருத்துவர்கள் 1943இல் எழுதினர். சேங்கொட்டைப் பாலில் உள்ள பொருள் உருஷியாலுக்கு மிக நெருங்கியது. ஆகவே சொந்த ஊரில் நச்சு ஐவியைத் தொட்டு ஒவ்வாமை பெற்றிருந்தவரின் உடல், இதுவரை பார்த்திராத நாட்டின் கொட்டைப்பாலையும் அடையாளம் கண்டு எதிர்த்தது. தடுப்பு முறை எளியது: குறியை வெட்டியெறிவது அல்லது வேறு மையால் குறியிடுவது. தோபி இட்ச் என்ற பெயரால் அறியப்படும் தொடையிடுக்குப் படை பூஞ்சையால் வருவது. இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

சித்த, ஆயுர்வேத மருத்துவங்கள் சேங்கொட்டையை மருந்தாகவும் கொள்கின்றன. அதன் கடுமையை அறிந்திருந்ததால் சுத்தி செய்யாமல் பயன்படுத்துவதில்லை. ஆயுர்வேதச் சுத்தி முறை ஒன்றில் கொட்டையின் மூக்கை நீக்கி, செங்கல்தூளில் தேய்த்து எண்ணெயை உறிஞ்சவைத்துக் கழுவுகின்றனர். கையாளுபவர்கள் கைகளில் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வதும் உண்டு. கேரளத்தில் சேரு என்ற காட்டுமரத்தின் பால் பட்டுத் தடித்தவர்கள் தான்றி மரத்தை வலம்வந்தால் நோய் தீரும் என்பது நாட்டார் நம்பிக்கை. தான்றிப்பட்டைக் கசாயத்தால் கழுவுவதும் வழக்கம்.

முந்திரித் தொழில்

இக்குடும்பச் செடிகளால் இந்தியாவில் தொடர்ந்து பாதிக்கப்படுவோர் முந்திரித் தொழிலாளர்கள். போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் இருந்து கொண்டுவந்த முந்திரி, கொல்லம், பண்ருட்டி, கன்னியாகுமரி வட்டாரங்களில் பெருந்தொழிலாக வளர்ந்தது. கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் உள்ளன. வறுத்த அல்லது ஆவியில் அவித்த கொட்டையை ஒவ்வொன்றாக உடைக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்கின்றனர். எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துத் தோல் உரிகிறது.

சாம்பலையும் ஆமணக்கெண்ணெயையும் கைகளில் பூசிக்கொள்வதே இவர்களின் பழைய தடுப்பு முறை. கையுறை தந்தாலும் பலர் அணிவதில்லை. உடைத்த அளவுக்கே கூலி என்பதால் விரலின் வேகம் குறைவதை அவர்களால் ஏற்க இயலாது. இங்கே தடுப்பு என்பது மருந்தைப் பொறுத்தது மட்டுமல்ல, கூலி முறையையும் பொறுத்தது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1982இல் சிறுவர் பேஸ்பால் அமைப்பு ஒன்று நிதி திரட்ட விற்ற முந்திரியைத் தின்ற 54 பேருக்கு நச்சு ஐவி பட்டது போன்ற தடிப்பு வந்தது. மொசாம்பிக்கில் இருந்து வந்த அப்பருப்பில் ஓட்டுத் துண்டுகள் கலந்திருந்தன.

தடுப்புப் பூச்சும் கழுவுதலும்

தோலில் எண்ணெய் ஊடுருவாமல் தடுக்கும் பூச்சுக்காக நெடுங்காலம் முயற்சி நடந்தது. 1996இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பென்டோகுவாட்டம் என்ற பூச்சுக்கு ஒப்புதல் தந்தது. இது பென்டோனைட் களிமண்ணை வேதிமாற்றம் செய்து பெற்ற பொருள். செடிகள் உள்ள இடத்துக்குச் செல்லுமுன் பூசினால், களிமண் படலம் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். செங்கல்தூள் சேங்கொட்டை எண்ணெயை உறிஞ்சுவதும் ஏறத்தாழ இதே அடிப்படையில்தான். பிற்காலத்தில் இப்பூச்சின் விற்பனை நின்றுவிட்டது.

எண்ணெய் பட்டபின் கழுவுவதற்கென்று விலை உயர்ந்த தனிப்பொருள்களும் விற்பனைக்கு வந்தன. 2000இல் வெளியான ஓர் ஆய்வு, அவ்வாறான ஒரு பொருளையும், இயந்திரப் பணியாளர்கள் கைகழுவும் கிரீமையும், பாத்திரம் கழுவும் சோப்பையும் ஒப்பிட்டது. கழுவாத தோலோடு ஒப்பிடும்போது மூன்றும் 56 முதல் 70 விழுக்காடு வரை பாதுகாப்புத் தந்தன. மூன்றுக்கும் இடையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பஃபு 1890களில் சொன்ன சோப்பும் தண்ணீரும் மீண்டும் உறுதியாயின.

கழுவுவதில் காலம் முக்கியமானது. எண்ணெய் சில நிமிடங்களிலேயே தோலுக்குள் இறங்கத் தொடங்கும். முதல் பத்து நிமிடங்களுக்குள் கழுவுவது மிகுந்த பயன் தரும். அதன்பின் பயன் வேகமாகக் குறையும். எண்ணெயைத் துடைத்தால் பரவும் என்பதால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நகக்கண்களையும் தேய்க்க வேண்டும். உடை, காலணி, அரிவாள் ஆகியவற்றையும் கழுவ வேண்டும், ஏனெனில் காய்ந்த எண்ணெய் மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில் வீரியம் குன்றாமல் இருக்கும். மெல்லிய ரப்பர்க் கையுறை வழியே உருஷியால் ஊடுருவும். வினைல் கையுறையே பொருத்தமானது. மூச்சுத்திணறல், முகம் அல்லது பிறப்புறுப்பு வீக்கம், சீழ், காய்ச்சல் ஆகியவை இருந்தால் மருத்துவரைக் காண வேண்டும்.

இன்றைய நிலை

மிசிசிப்பிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய, நீரில் கரையும் உருஷியால் வகைச் சேர்மம் ஒன்று தடுப்பு ஊசியாக மனிதரிடம் முதற்கட்டச் சோதனைகளில் பரிசோதிக்கப்பட்டது. 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, தோலின் லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்களில் உள்ள ஒரு மூலக்கூறு உருஷியாலை நேரடியாக டி உயிரணுக்களுக்குக் காட்டுகிறது என்று தெரிவித்தது. அதை மறிக்க முடிந்தால் புதிய சிகிச்சை கிடைக்கலாம்.

இதற்கிடையில் செடியும் மாறுகிறது. வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகக் காட்டில், எதிர்காலத்தில் எதிர்பார்க்கப்படும் அளவுக்குக் கரியமில வாயுவை உயர்த்தி ஆறு ஆண்டுகள் நடந்த சோதனையின் முடிவு 2006இல் வெளியானது. அச்சூழலில் நச்சு ஐவி வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்தது. அதன் உருஷியாலும் ஒவ்வாமையை அதிகம் தூண்டும் வகையாக மாறியது. காட்டுப் பணியாளர்களும் தீயணைப்போரும் வருங்காலத்தில் இச்செடியை இன்னும் அதிகமாகவும் கடுமையாகவும் எதிர்கொள்ள நேரிடும் என்று இதன் அடிப்படையில் கணிக்கப்படுகிறது. அவர்களுக்கு இப்போது உள்ள தடுப்பு முறைகள் செடியை அடையாளம் காண்பது, உடலை மூடும் உடை அணிவது, பட்டவுடன் கழுவுவது ஆகிய மூன்றுமே.